துருவும் உருவும்

திருக்கோயிலுக்குத் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது நம் மரபு. மூலவரின் ஆற்றலைக் கலசத்திலோ அத்திப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, பணி முடியும்வரை அங்கேயே வழிபாடு நடத்துவர். கல்லையும் சுதையையும் பிரிக்கும் காலத்திலும் கோயில் கோயிலாகவே இருந்துவர வேண்டும் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு அது. பழைய மோட்டார் வண்டியொன்றைத் திருகு திருகாகப் பிரித்து வீட்டு முற்றத்தில் பரப்பிவிட்டு நிற்பவனுக்கு அத்தகைய வசதி ஏதும் இல்லை. எதிரே கிடப்பது வண்டியா, இரும்புக் குவியலா என்னும் ஐயம் நாள்தோறும் அவன்முன் வந்து நிற்கும். அந்த ஐயத்தோடு நான் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தேன். அதனால் விளைந்த சில எண்ணங்களையே இங்கு எழுத முற்படுகிறேன்.

வண்டி, 1966-ஆம் ஆண்டு சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவுகள் கொண்டது. கல்கத்தாவில் அக்காலத்துச் சாலைகளை அம்பாசிடர்களே ஆண்டன. உத்தரபாராவில் பிறந்த அந்தப் பருத்த வண்டிகளுக்கு நடுவே, ஒல்லியான இடையும் கூர்மையான வால்முனையும் கொண்டு வளைந்து நெளிந்து சென்ற ஹெரால்டு, இளைஞர் கண்ணுக்குப் பந்தய வண்டியாகவே தோன்றியது. சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதும் உண்மையே.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனம் ஒரு புதிய சிறு காரைச் செய்ய எண்ணியபோது அதற்கு ஓர் இடர் நேர்ந்தது. கார்களின் மேலுடலைச் செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் இல்லை. ஆகவே, ஏனையோர் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்கே இவர்கள் திரும்பினர். அடியில் தனியே ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்ட உடற்பகுதிகளை போல்ட்டு கொண்டு இணைத்தல். உருவை வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவன்னி மிகெலாட்டி. 1959 ஏப்ரலில் வெளிவந்தபோது சாதாரண வண்டியோடு, தாழ்ந்த கூரையும் இரட்டை கார்புரேட்டரும் கொண்ட கூபே ஒன்றும் உடன் வந்தது. பின்னர் இதே அடிச்சட்டத்தைச் சுருக்கியே 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த வண்டியையும், அதன் வழியில் 1966-இல் ஜி.டி.6 என்னும் கூபேயையும் சமைத்தனர். நம் நாட்டுக்குக் கூபே வரவில்லை. 1961 முதல் சென்னையில் உருவான ஹெரால்டு, 948 கன செண்டிமீட்டர் எஞ்சினைக் கொண்ட அமைதியான உடன்பிறப்பு. ஆனால் எலும்பும் நரம்பும் ஒன்றே.

இல்லாமையால் நேர்ந்த அந்த அமைப்பே, வீட்டில் அமர்ந்து பழுதுபார்க்க விழைவோர்க்கு வரமாக அமைந்தது. முன்பக்கத்து மூடி, சக்கரக் கவசங்களோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். கவிழ்த்தால் எஞ்சினும் முன்சக்கரத் தொங்கலும் முழுவதும் வெளிப்படும். முன் டயரின் மேலேயே அமர்ந்துகொண்டு வேலை செய்யலாம். கூரையைக்கூட போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம். ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து, பார்த்து, மீண்டும் பூட்டலாம் என்னும் நம்பிக்கையை இந்த வண்டி தருகிறது. இன்றைய கார்களில் மூடியைத் திறந்தால் கருப்பு பிளாஸ்டிக் உறையொன்று நம் முகத்தில் கதவைச் சாத்துகிறது.

எங்கள் தெருக்கோடி வீட்டு டாக்டர் இந்த வண்டியில்தான் நோயாளிகளைக் காணச் சென்றுவந்தார். அவர் மறைந்தபின் இருபது மழைக்காலங்கள் அது தகரக் கொட்டகையில் நின்றது. 2019-இல் அவர் துணைவியார் (எங்கள் தெருவுக்கே அவர் மாஷிமா) கொட்டகையை இடிக்க வேண்டியவரானார். பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசிச் சென்றிருந்தார். அதே விலைக்கு என்னிடம் தந்த மாஷிமா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "கூறுபோட்டு விற்றுவிடாதீர்கள்." அச்சொல்லின் பொருள் எத்துணை ஆழமானது என்பது போகப் போகத்தான் விளங்கலாயிற்று.

முதல் ஆறு மாதங்கள் துருவை அறிவதிலேயே கழிந்தன. இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடுமிடத்தில் துரு பிறக்கும் என்பதைப் பள்ளியில் படித்தோம். ஆனால் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும் என்பதைக் கண்ணால் கண்டது இங்கேதான். இரண்டு தகடுகள் ஒட்டியிருந்த இடங்களில் அது உள்ளிருந்து வீங்கித் தகடுகளைப் பிளந்திருந்தது. ஆண்டில் பாதி நாள் காற்றே ஈரத்துணியாக இருக்கும் இந்நகரில், தகட்டின் உட்புறம் தேங்கும் நீரே பெரும்பகை. வெளியே பளபளப்பாக இருந்த சில இடங்களில் எவரோ முன்பே தகரத்துண்டை ஒட்டி, பட்டி பூசி, சாயம் அடித்து மறைத்திருந்தனர். சுரண்டச் சுரண்ட விரல் தடிப்புக்குப் பட்டி உதிர்ந்தது.

மணலைக் காற்றழுத்தத்தால் வீசித் துருவை நீக்கலாம் என்று பலரும் கூறினர். அவ்வாறு மணல் வீசித் தூய்மை செய்த கோயில்களில் கல்வெட்டின் எழுத்துகளே தேய்ந்து மழுங்கிய கொடுமையை நம்மவர் அறிவர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கார்த் தகடு அந்த வேகத்திலும் சூட்டிலும் நெளிந்துபோகும். ஆதலின் சிறிய உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறையைக் கைக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். துருவேறிய உறுப்பில் பாட்டரி சார்ஜரின் எதிர்முனை. வேண்டாத சாதாரண இரும்புத் துண்டில் நேர்முனை. அவ்வளவே. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போடலாகாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழிகள் எழுவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஓர் இரவு கழிந்தால் துரு கருஞ்சேறாகக் கழன்றுவிடும். நல்ல இரும்புக்குத் தீங்கில்லை.

தொட்டியில் அடங்காத பெரிய பகுதிகளுக்குக் கடுக்காய் துணைபுரிந்தது. இரும்புக் கரைசலும் கடுக்காயும் சேர்ந்தால் தோன்றும் கருமையைக் கொண்டே கலம்காரித் துணியில் கோடு இழுப்பர். கடுக்காயிலுள்ள டானின் துருவோடு கூடி, எளிதில் கரையாத கருநீலப் படலமாகிறது. கடைகளில் துருமாற்றி என்ற பெயரில் விற்கும் திரவங்கள் சிலவற்றில் இருப்பதும் இதே டானின்தான். கொதிக்க வைத்த கடுக்காய்ச் சாற்றைத் தூரிகையால் தடவி, காய்ந்தபின் அடிச்சாயம் பூசினேன். முற்றத்தில் இருந்தது மோட்டார் வேலை. மூக்குக்கு எட்டியது நாட்டு மருந்துக் கடை.

கருவிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வண்டியின் நட்டுகள் அங்குல அளவின. இன்றைய பெட்டிகளில் கிடைப்பவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் ஏறும், ஆனால் சற்றே ஆடும். இறுகிய நட்டில் அந்தச் சிறு இடைவெளி போதும், முனைகள் மழுங்கிவிடும். சரியான அளவுக் கருவிகளைத் தேடித்தான் மல்லிக் பஜாருக்குச் சென்றேன். பழைய உதிரிப் பாகங்களின் கடலான அச்சந்தையில், எண்பதை நெருங்கிய ஒரு மிஸ்திரியைக் கண்டேன். சந்தையே அவரைச் சாச்சா என்றது; நானும் அப்படியே அழைத்தேன். ஹெரால்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வேறெதுவும் வினவவில்லை. "முன்சக்கரத்துப் பித்தளைக் கட்டையில் எண்ணெய் போடுகிறாயா, கிரீஸ் அடைக்கிறாயா, பாபு?" என்றார்.

அந்த வினாவில் ஒரு தலைமுறையின் அறிவு அடங்கியிருந்தது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகு வெட்டப்பட்டிருக்கும். டிரன்னியன் என்னும் பித்தளை நிறக் கட்டைக்குள் அத்திருகு அமர்ந்து, சக்கரம் திரும்புந்தோறும் தானும் திரும்பும். அதற்கு இட வேண்டியது பற்சக்கரப் பெட்டிக்குரிய கனத்த எண்ணெய். கிரீஸ் அடைத்தால் அது திருகின் ஆழத்துக்கு இறங்காது. நீர் புகுந்து தண்டு அரிக்கப்படும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி விழும். எத்தனையோ ஹெரால்டுகள் இவ்வாறு நடுத்தெருவில் முழந்தாளிட்டன. குறை கட்டையில் இல்லை. பார்த்த இடத்திலெல்லாம் கிரீஸை அடைக்கும் பழக்கத்தில் இருந்தது. சாச்சா ஞாயிறுதோறும் எங்கள் முற்றத்துக்கு வரலானார்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி, நான்கு உருளைகளிலும் மெல்லிய எண்ணெயை ஊற்றி, பத்து நாள் பொறுத்திருக்கச் சொன்னார். பின்னர் கியரில் இட்டு வண்டியை முன்னும் பின்னும் ஓரங்குலம் அசைத்தோம். நான்காம் ஞாயிறு, உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டாற்போல் பிஸ்டன்கள் நகர்ந்தன. வலிந்து திருப்பியிருந்தால் வளையங்கள் முறிந்திருக்கும். பொறுமை ஒரு கருவி என்பதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையான வழக்கு அடிச்சட்டத்தில்தான் எழுந்தது. மேலுடலைத் தூக்கிப் பார்த்தபோது, நடுமுதுகெலும்பாக ஓடும் இரண்டு இரும்பு விட்டங்களிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் பெரும்பாலும் அப்பளமாகியிருந்தன. பின்முனையும் அப்படியே. சாச்சா தம் முடிவைக் கூறினார்: சட்டத்தைக் கழித்துவிட்டுப் புதுக் குழாய்களால் ஒன்று பற்றவைப்பது, எஞ்சினையும் தூக்கிவிட்டு மாருதியின் எஞ்சினைப் பொருத்துவது. இப்படி எத்தனையோ ஹெரால்டுகளை அவர் ஓடச் செய்திருக்கிறார். நான் தயங்கியதைக் கண்டு அவர் சொன்ன சொற்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

"பாபு, டாக்டர் சாஹேப் இந்த வண்டியைக் கும்பிடவா வாங்கினார்? நடு இரவில் நோயாளி வீட்டுக்குப் போக வாங்கினார். ஓடினால் வண்டி, ஓடாவிட்டால் இரும்பு. உதிரிப் பாகம் கிடைக்காத எஞ்சினை வைத்துக்கொண்டு அதை ஊனமாக்கப் போகிறாயா?"

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. சென்னையில் அந்த ஆலையின் இயக்கம் 1980-களின் இறுதியிலேயே ஓய்ந்துவிட்டது. தேய்ந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமெனில் இங்கிலாந்தில் பழவண்டி அன்பர்களுக்கென விற்கும் கடைகளுக்கு எழுத வேண்டும். அல்லது இங்கே கடைசல் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். ஆனால் மறுபுறம் மாஷிமாவின் சொல் நின்றது. எஞ்சின் வேறு, சட்டம் வேறு, இருக்கை வேறு என்றானபின், கூறுபோட்டு விற்காமலே அதைக் கூறுபோட்டவன் ஆவேனன்றோ?

அவ்வேளையில் அரசின் விதியொன்றும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அடிச்சட்டம், மேலுடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். நாள்தோறும் ஓட்டவும் வணிகத்துக்கும் உரிமை இல்லை. டாக்டரின் எண்பலகை அந்த வண்டியிலேயே தங்குமா, தங்காதா என்பது இப்போது எங்கள் முற்றத்தில் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்ததாயிற்று.

வாதத்தைச் சுத்தியல் முடித்துவைத்தது. கையளவுச் சிறு சுத்தியலால் விட்டங்களை ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்ப்போம் என்றேன். நல்ல இரும்பு மணியாக ஒலிக்கும்; அரித்த இரும்பு மண்சட்டியாக ஒலிக்கும். சாச்சா கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். முன்னும் நடுவும் தெளிவாக ஒலித்தன. பின்முனையில் ஒன்றரை அடியளவே ஓசை மங்கியது. சட்ட எண் பொறித்த தகடும் நலமாகவே இருந்தது. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "முதுகெலும்புக்கு உயிர் இருக்கிறது, கைகள்தான் போயின" என்றார். தாம் சொன்னதைத் தாமே மாற்றிக்கொள்ளும் பெருமை நல்ல தொழிலாளிக்கே உண்டு.

அதன்பின் பணி ஒழுங்காக நடந்தது. கதவு அமரும் திறப்புகளில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து உரு பிசகாமல் நிறுத்தினோம். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டுமே வெட்டி, அதே அளவில் புதியதை இணைத்தோம். ஒவ்வோர் இணைப்புக்கும் பின், கொத்தனார் அறைக்கு மூலைமட்டம் பார்ப்பதுபோல, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பிடித்து இரு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்த்தோம். கால் அங்குலம் தவறினால் கதவு சாத்தாது. வாரம் ஒரு கை என்றும் சொல்ல இயலாது. மழைக்காலத்தில் மாதம் ஒரு கை.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரு மாற்றத்தை நானே விரும்பி ஏற்றேன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகப் பிறந்தது. ஈயப் படலம் வால்வுகளின் இருக்கையைத் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. நம் குழந்தைகளின் மூச்சுக்கு அது நன்மை. பழைய வால்வு இருக்கைக்கு மட்டும் தீமை. ஆகவே பட்டறையில் கடின எஃகு வளையங்களைப் பதித்தோம். 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். நீரையும் ஈர்த்துத் தொட்டியைத் துருவேற்றும். எனவே எரிபொருள் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றினோம். வால்வு இடைவெளி மட்டும் அன்று கையேட்டில் கண்டபடியே: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு.

இவற்றால் நான் தெளிந்த முறை ஒன்றுண்டு. தேய்வதற்கென்றே அமைந்த உறுப்புகள் உள. பிரேக்கின் ரப்பர், தாங்கிகள், குழாய்கள் போல்வன. அவற்றை மாற்றுவது நகம் வெட்டுவதற்கு ஒப்பாகும். காலமாற்றத்தால் வேண்டப்படும் திருத்தங்கள் உள. அவை மூக்குக்கண்ணாடி அணிவது போல்வன. ஆனால் ஒரு பொருளை அப்பொருளாக்கும் உறுப்புகள் சில உள. அவற்றை முடிந்தவரை காத்து, முடியாத இடத்தில் மட்டும் ஒட்டுப்போட வேண்டும்; அந்த ஒட்டையும் மறைக்கலாகாது. சட்டத்தில் புதிய கைகள் சேர்ந்த இடங்களில் பற்றவைப்பின் தழும்பைத் தேய்த்து மறைக்க வேண்டாம் என்று சாச்சாவிடம் கூறினேன். அவருக்கு அது விளங்கவில்லை. தம் வேலை அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. இறுதியில், தழும்பே ஒரே சீரான அழகோடு அமையுமாறு பற்றவைத்துத் தந்தார்.

2023 மார்கழியில் வண்டி தன் காலில் தெருவுக்கு வந்தது. மாஷிமாவை அழைத்தோம். எண்பத்தாறு வயதில், பழக்கமான இடப்பக்க இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினார். மெல்லிய ஓசையோடு கதவு பொருந்தியது. அவர் முகம் சுளித்து, "இது இவ்வளவு எளிதாகச் சாத்தாதே; டாக்டர் இரண்டு முறை அடிப்பார்" என்றார். பாராட்டா, குறையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தோம். ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்; எங்கள் சந்தின் முனையில் ஒரே வீச்சில் திரும்பியபோது மட்டும் அவர் சிரித்தார். அதை அவர் நினைவில் வைத்திருந்தார்.

வள்ளுவர் நட்பாராய்தலை அடுத்துப் பழைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். நெடுநாள் பழகியோர்க்கு நம்மீது உரிமை உண்டு என்பது அதன் கருத்து. மனிதர்க்குச் சொன்னதைப் பொருளுக்கு ஏற்றலாமா என்று கேட்கலாம். ஒரு பொருளைச் செய்த கைகளும், ஓட்டிய கைகளும், செப்பனிட்ட கைகளும் மனிதர் கைகளே. வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் போல்ட்டை முடுக்கிய பெயரறியாத் தொழிலாளியின் உரிமையும், டாக்டரின் உரிமையும், சாச்சாவின் உரிமையும் அதில் கலந்து கிடக்கின்றன. இன்று சாச்சாவின் கை நடுங்குகிறது. அவர் பேரர்கள் கணிப்பொறிக் கருவியைச் செருகிப் பழுதறியும் பட்டறையில் வேலை செய்கின்றனர். அதுவும் நல்ல தொழிலே. ஆயினும் சுத்தியல் ஒலியால் இரும்பின் உயிரை அறியும் காது அவரோடு போய்விடலாகாது என்பதற்காக, அவர் சொன்னவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

அக்குறிப்பேட்டின் மறுபாதியில் வண்டியின் கணக்கு இருக்கிறது. எந்த உறுப்பு 1966-இல் பிறந்தது, எது மாற்றப்பட்டது, எந்த நாளில், எக்காரணத்தால் என்று வரிசையாக எழுதியுள்ளேன். எனக்குப் பின் இந்த வண்டிக்கு உரியவராகப் போகிறவர் யாரென்று அறியேன். அவர் கையில் ஸ்பானர் எடுக்குமுன் இதைப் படிக்கட்டும். முதற்பக்கத்தில் சாச்சாவின் சொல்லே உள்ளது: முன்சக்கரத்துக்கு எண்ணெய், கிரீஸ் அன்று.